பெயருக்கு முன் ஒரு மூச்சு

"இன்னியோட அக்கா கதை முடிஞ்சுது" என்று மேக்கப் பெண்ணின் காதைக் கடித்தான் கேமராமேன்.

அந்த டிவி சேனலில் எல்லோருக்கும் அவர் 'செய்தி அக்கா'. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகச் செய்தி வாசிக்கிறார். அவருடைய முகத்தையும் குரலையும் அச்சு அசலாகக் காட்டும் இயந்திரம் ஒன்றை ஒரு கம்பெனிக்காரர் கொண்டுவந்து ஸ்டூடியோவில் பொருத்தியிருந்தார். வரச் சொன்னது சேர்மனின் மகள். போன மாதம்தான் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

சேர்மனுக்கு ஆபீஸில் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். விளம்பரத்துக்கு நொடியை விற்கிற மனிதர் அல்லவா, அந்தக் கருவி இல்லாமல் அவர் கையைப் பார்க்க முடியாது. ஒளிபரப்பில் யாராவது தும்மினால், "இந்தத் தும்மலை நான் எவன்கிட்ட விக்கறது?" என்று கேட்பார்.

"ஆரம்பிங்க" என்றார்.

திரையில் செய்தி அக்கா வந்தார். நிஜ அக்கா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் இருந்தவர் வானிலை வாசித்தார், பங்குச்சந்தை வாசித்தார், விளையாட்டு வாசித்தார். அதே புன்னகை, அதே 'வணக்கம்'. கம்பெனிக்காரர் ஒரு பட்டனைத் தட்டினார். அதே குரல், அக்காவுக்குச் சுத்தமாகத் தெரியாத மொழிகளில் மளமளவென்று பேசியது.

ஸ்டூடியோவே வாயைப் பிளந்தது. சும்மா சொல்லக் கூடாது, பார்த்தவர்களுக்கு மெய்சிலிர்க்கத்தான் செய்தது. கேமராமேன்கூடத் தன் கேமராவைக் கவலையோடு தடவிக்கொண்டான்.

"அம்மாடி! என்னைவிட நல்லா வாசிக்குதே!" என்றார் செய்தி அக்கா. சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. முகம் சுண்டிப்போனது.

"மத்த சேனல் எல்லாம் மாறிட்டாங்கப்பா" என்றாள் மகள். "ஜனங்க இப்ப போன்லதான் நியூஸ் பாக்கறாங்க. கொஞ்சம் இழுத்தாலும் வேற எடத்துக்குப் போயிடறாங்க. நாமதான் இன்னும் பழைய வண்டியை உருட்டிக்கிட்டு இருக்கோம்."

சேர்மன் தாடையைச் சொறிந்தார்.

"ஒரு விபத்துச் செய்தி குடுங்க. மொதல்ல மெஷின் வாசிக்கட்டும். அப்புறம் அவங்க."

இயந்திரம் வாசித்தது. "மலைப்பாதையில் பேருந்து கவிழ்ந்த விபத்தில் உயிரிழந்தவர்களின் பெயர்கள்" என்று சொல்லி, தடங்கலே இல்லாமல் பெயர்களை அடுக்கிக்கொண்டே போனது.

அடுத்து செய்தி அக்கா. "உயிரிழந்தவர்களின் பெயர்கள்" என்றவர், அங்கே நின்றார். ஒரு மூச்சு இழுத்தார். பிறகுதான் முதல் பெயரைச் சொன்னார்.

சேர்மன் ஸ்டாப்வாட்சை அமுக்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"ரெண்டு செகண்டு அதிகம்" என்றார்.

"பாத்தீங்களா சார்!" கம்பெனிக்காரருக்கு வாயெல்லாம் பல்.

செய்தி அக்கா பதறிப்போனார். "மன்னிச்சுக்குங்க சார். பேர் சொல்ற எடத்துல மட்டும் தொண்டை அடைச்சுக்குது. நானும் எத்தனையோ வருஷமா பாக்கறேன், இந்தப் பழக்கம் போகவே மாட்டேங்குது. கொஞ்சம் டைம் குடுத்தீங்கன்னா மாத்திக்கறேன் சார். வீட்டுல என் சம்பளம் மட்டும்தான்."

"நாளையிலேருந்து வானிலை, மார்க்கெட், விளையாட்டு எதையும் நீங்க வாசிக்க வேணாம். மெஷின் வாசிக்கட்டும்."

அக்கா மெல்லத் தலையாட்டிவிட்டுச் சட்டென்று மைக்கைக் கழற்றினார். மேக்கப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேர்மனை முறைத்தாள்.

"மைக்கை எதுக்கும்மா கழட்டறீங்க?" என்றார் சேர்மன். "இந்த மாதிரி செய்தியெல்லாம் பின்ன யாரு வாசிக்கறது? அது உங்க வேலை. சம்பளத்துல கை வைக்க மாட்டேன். அந்தப் பழக்கத்தை மட்டும் மாத்தித் தொலைச்சிடாதீங்க."

கம்பெனிக்காரர்தான் முதலில் சுதாரித்தார்.

"சார், ரெண்டு செகண்டுதானே? அதை மெஷின்லயே வச்சுத் தர்றோம் சார்!"

"வச்சுடுவீங்க, தெரியும். கெட்டிக்காரங்கதான் நீங்க. ஆனா உங்க மெஷினுக்குத் தொண்டை அடைக்காதே!"

எழுந்து நடந்துவிட்டார்.

லிஃப்டுக்குள் நுழைந்ததும் மகள் பொரிந்து தள்ளினாள்.

"தும்மலுக்கே கணக்குக் கேக்கறவரு நீங்க! ஒண்ணுமே பேசாத ரெண்டு செகண்டுக்கு முழுச் சம்பளமாப்பா? இப்படி எரக்கப்பட்டா நாம எப்படித் தொழில் பண்றது?"

"உன் மாமா பஸ் விபத்துல போனாரே, தெரியுமில்ல?"

"தெரியும். நான் பொறக்கறதுக்கு முந்தி."

"வீட்டுக்கு யாரும் தகவல் சொல்லல. டிவியைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். அப்ப இந்த சேனல் நம்மளோடது இல்ல. இந்தம்மா புதுசா வாசிக்க வந்திருந்தாங்க. உங்கம்மா மாடிப்படியில எறங்கிக்கிட்டே செய்தி கேட்டுக்கிட்டிருந்தா. நான் கீழ நின்னுக்கிட்டிருந்தேன். பேர் சொல்றதுக்கு முந்தி இவங்க இதே மாதிரி நின்னாங்க. அந்த மௌனம் எனக்கு என்னமோ பண்ணிடுச்சு. ரெண்டே எட்டுல படியேறி உங்கம்மா தோளைப் பிடிச்சேன். அடுத்து வந்தது உன் மாமா பேரு. அப்படியே மயங்கி என் கையில சாஞ்சா."

மகள் பட்டனை அமுக்க மறந்து நின்றாள். லிஃப்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"பிடிக்கலன்னா அத்தனை படியும் உருண்டிருப்பா" என்றபடி சேர்மனே பட்டனை அமுக்கினார். "நீ அப்ப அவ வயித்துல ஒம்பது மாசம்."