தானாகக் கழன்ற திருகு

அக்கா கண்ணாடியைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கடை மேசைமேல் வைத்தாள். இடது காதுக் கம்பி தனியாக வந்திருந்தது.

“தானா கழண்டுடுச்சு” என்றாள், தங்கையைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய கண் பரிசோதனை எழுத்து அட்டையைப் பார்த்து.

இரண்டு வருடத்தில் அக்கா அவளிடம் பேசியது இதுதான்.

ஊரில் கண்ணாடிக் கடைக்கா பஞ்சம்? அக்கா வீட்டிலிருந்து இங்கே வர இரண்டு பேருந்து மாற வேண்டும். வழியில் மட்டும் நான்கு கடைகள் இருக்கின்றன. தங்கை எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அக்கா எழுந்து போய்விடுவாள். அவள் ரோஷம் அப்படி.

இந்தக் கடையில் பிரேம் பொருத்துவது, பழுது பார்ப்பது தங்கையின் வேலை. அது வயிற்றுக்கு. மனசுக்கு ஒரு வலைப்பூ வைத்திருந்தாள். கண்ணில் படுவதையெல்லாம் அதில் எழுதுவாள். முன்பின் தெரியாதவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டு, விழித்ததும் அவரையே முறைத்த பயணி. புதுக் கண்ணாடியை மாட்டியதும் முதல் வேலையாகத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்ட பெரியவர். “வீட்ல உப்பு தீர்ந்தாக்கூட உனக்கு ஒரு பதிவு தேறிடும்” என்று கணவன் கிண்டல் செய்வான்.

வேலை முடிந்து பேருந்தில் வரும்போதே கைபேசியில் எழுதி ஏற்றிவிடுவாள். பதினைந்து பேர் படித்தால் பெரிய விஷயம்.

ஒரே ஒரு பதிவை மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் படித்தார்கள்.

அது அக்காவைப் பற்றியது.

அத்தான் விட்டுவிட்டுப் போன பிறகும் அக்கா வீட்டுக் கதவுக்கு உள்சங்கிலி போடுவதில்லை. அவரிடம் இன்னும் ஒரு சாவி இருக்கிறது. என்றைக்காவது வந்து திறந்தால் சங்கிலி தடுத்துவிடக் கூடாது. துணி மடித்துக்கொண்டே ஒரு மதியம் இதைச் சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். தங்கையும் கூடச் சிரித்தாள்.

அன்று மாலையே எழுதிவிட்டாள். பேர் போடவில்லை, ஊர் போடவில்லை. ‘ஒரு பெண்’ என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

சுற்றிச் சுற்றி அது அக்காவின் கைபேசிக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவள் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரி. படித்துப் பார், எனக்கு அழுகையே வந்துவிட்டது என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள்.

“நான் உன்கிட்டதானே சொன்னேன்?” அக்கா அன்றைக்குப் போனில் கேட்டது அவ்வளவுதான்.

தங்கை பதிவை நீக்கினாள். மன்னிப்புக் கேட்டுப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினாள். நேரிலும் போய்க் கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. உள்ளே சங்கிலி போடும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகும் எழுதுவதை விடவில்லை. ஆனால் மழையைப் பற்றி எழுதினாலும், மின்தூக்கியில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி எழுதினாலும், ஒருத்தி படித்தால் போதும் என்றுதான் எழுதினாள். பார்த்தவர்கள் பதினான்கு பேர் என்று திரை காட்டும். அந்தப் பதினான்கில் அக்கா உண்டா என்று தினமும் ஏங்குவாள். எண்ணுக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது.

இப்போது தங்கை மேசைக்கு மேல் கையை நீட்டினாள். அக்கா நாலாக மடித்த ஒரு தாளை அதில் வைத்தாள். பிரித்தால் உள்ளே திருகு பத்திரமாக இருந்தது.

எள்ளளவு திருகு. தானாகக் கழன்றால் எங்கே விழுந்தது என்றே தெரியாது. பதினோரு வருட வேலையில் ஒருவரும் அதைத் தேடி எடுத்துக்கொண்டு வந்ததில்லை. இதன் தலையில் கத்தி முனை வழுக்கிய கீறல்கள் வேறு இருந்தன.

தங்கை கம்பியை எடுத்துப் பொருத்தினாள். திருகைப் போட்டு முடுக்கினாள். இனி அசையவே கூடாது என்று ஒரு சொட்டுப் பசையும் வைத்தாள்.

பிறகு முகத்தில் மாட்டிச் சரிபார்க்க வேண்டும். அதுதான் வழக்கம். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். காதோர முடியை ஒதுக்கும்போது விரலில் நரை பட்டது. முன்பு அங்கே நரை இல்லை. இரண்டு வருடமாகத் தொட முடியாத முகம். கம்பி சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது, ஆனாலும் இன்னொரு முறை சரிசெய்தாள்.

பாழாய்ப்போன புத்தி அப்போதும் சும்மா இருக்கவில்லை. முதல் வரி தானாக வந்து நின்றது. பின்னாலேயே இரண்டாவது. இவ்வளவு நல்ல வரிகள் அவளுக்கு இதுவரை வந்ததே இல்லை.

அக்கா கண்ணைத் திறந்தாள். இப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தாள்.

“இதையும் எழுதுவியா?”

தங்கை இல்லை என்று தலையை ஆட்டினாள். அக்கா நம்பினாளா என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மாலைப் பேருந்தில் தங்கை கைபேசியை எடுத்தாள். அந்த முதல் வரி எங்கேயும் போய்விடவில்லை. கை பரபரத்தது. பேர் போடாமல், கடையைச் சொல்லாமல் எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது?

போன தடவையும் இப்படித்தான் நினைத்தாள்.

மூன்று நிறுத்தம் போன பிறகு ஒரே ஒரு வரி எழுதி ஏற்றினாள்.

‘இன்று எழுத ஒன்றும் இல்லை.’

இறங்குவதற்குள் கீழே ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. பேர் இல்லை.

‘திருகு மறுபடியும் கழண்டுடுச்சு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து போட்டுக் குடு.’