ஹெரால்டுக்குள் ஷிஃப்ட்

யாரோ ஓர் ஆள் வந்து காரின் பானெட்டைத் தட்டிப் பார்த்தபோது, கிறிஸ்டோ வண்டிக்குள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, யாரிடமோ பேசுவதுபோல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

யாரிடமும் பேசவில்லை.

பெங்களூர் டிராவல்ஸ் கம்பெனியில் டிக்கெட் போடும் வேலை போய் மூன்று வாரம் ஆகிறது. விமானமே பறக்காத காலத்தில் டிக்கெட் போட ஆள் எதற்கு? ஹெட்செட் லேப்டாப்பில் செருகித்தான் இருந்தது. லேப்டாப்தான் யாரோடும் சேராமல் சும்மா கிடந்தது.

வீட்டில் சொல்லவில்லை. சம்பளம் தாமதமாகிறது என்று மட்டும் மனைவி ஷைலாவிடம் சொல்லியிருந்தான். மிச்சத்தை நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அவர்கள் இருந்த தொழிலாளர் லைன் வீட்டுக்கு ஒரு அறை, ஒரு அடுப்படி. மார்ச்சில் கொரோனாவால் ரயில் நின்றதும் அவன் ஆபீஸ் வீட்டுக்கு வந்தது. மகள் டீனாவின் பள்ளிக்கூடமும் போனுக்குள் புகுந்து அதே அறைக்கு வந்தது. அவள் வாய்ப்பாடு சொல்ல, இவன் டெல்லி ஃபிளைட்டை ரத்து செய்ய, இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற பழைய ஹெரால்டு காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டான்.

பெங்களூரில் அவனுடைய மேனேஜருக்கே தனி அறை கிடையாது. இவனுக்கு நாலு கதவு வைத்த கேபின்.

அது அவன் அப்பா சுந்தரராஜின் வண்டி. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன லாய்ட் துரையிடம் வாங்கியது. துரையிடம் வாங்கினாலும் சீமை வண்டி இல்லை, மெட்ராஸில் செய்தது. அதில்தான் அவருக்கு அத்தனை பெருமை. பேத்தமங்களா ஏரிக்குப் போகும் வழியில் யாராவது திரும்பிப் பார்த்துவிட்டால் போதும், "நம்ம ஆளுங்க செஞ்ச வண்டிடா, இன்னான்னு நினைச்ச?" என்று ஸ்டீயரிங்கைத் தட்டிக் காட்டுவார். சர்ச்சில் பாதிக் கல்யாணத்துக்கு அதுதான் பெண் வண்டி. ஷைலாகூட அதில்தான் வந்து இறங்கினாள். அப்பா இறந்த பிறகு அது நகரவில்லை.

வண்டிக்கு நேர் எதிரே வீட்டு வாசல். வாசல் பக்கத்தில் ஓர் ஆணி. அதில்தான் அப்பாவின் பித்தளை டோக்கன் தொங்கும்.

சுரங்கத்தில் இறங்குகிறவன் போர்டிலிருந்து தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவான். டோக்கன் இல்லையென்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். சுரங்கத்தை மூடிய அன்று தன்னுடையதை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியவர் அப்பா.

கிறிஸ்டோ அதை டீனாவுக்காக ஒரு விளையாட்டாக்கியிருந்தான். ஒன்பது மணிக்கு டோக்கனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்குள் போவான். ஆணி காலியாக இருந்தால் அப்பா ஷிஃப்டில் இருக்கிறார், சத்தம் போடக் கூடாது. ஆறு மணிக்கு டோக்கன் ஆணிக்கு வந்ததும் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளலாம்.

வேலை போன மறுநாள் அதை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை. கீழே இறங்காதவன் டோக்கனைத் தொடக் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பு. அன்றிலிருந்து ஆணியைப் பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தான்.

"வண்டி பரவால்லீங்க. பெங்களூர்ல பழைய வண்டிக்கு ஆள் இருக்காங்க. சாரைக் கொஞ்சம் இறங்கச் சொல்லுங்க, பானெட்டைத் திறந்து பாத்துடலாம்," என்றான் வந்தவன், வாசற்படியில் நின்ற ஷைலாவிடம். முகக்கவசம் தாடையில் கிடந்தது.

ஷைலாதான் அவனை வரச் சொல்லியிருக்கிறாள். கிறிஸ்டோவுக்கு அப்போதுதான் புரிந்தது.

கோபம் வரவில்லை. வீட்டில் விற்பதற்கு வேறு என்ன மிச்சம்? ஆனால் வண்டியும் போய்விட்டால், நாளைக்கு ஒன்பது மணிக்கு அவன் எங்கே போய் உட்காருவான்? இத்தனை நாள் மூடி வைத்தது ஒரே நாளில் சந்திக்கு வந்துவிடும்.

ஷைலா வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"அவர் ஷிஃப்ட்ல இருக்காருங்க. ஆணியில டோக்கன் இல்ல, பாருங்க. ஆறு மணிக்கு மேல வாங்க."

வந்தவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு கேட்டை நோக்கி நடந்தான்.

கிறிஸ்டோ கண்ணாடி வழியாக ஆணியைப் பார்த்தான்.

காலி.

காலையில் அவன் தாண்டி வரும்போது டோக்கன் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. தன்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். அதுவும் காலி.

டோக்கன் ஆணியில் இருக்கும்போது அப்பா ஏன் வண்டிக்குள் இருக்கிறார் என்று இந்த மூன்று வாரத்தில் டீனா ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவனும் யோசிக்கவில்லை. அவன் உள்ளே போனதும் தினமும் அதை யாரோ எடுத்து, ஆறு மணிக்குத் திரும்ப மாட்டியிருக்க வேண்டும்.

ஹெட்செட்டைக் கழற்றி சீட்டில் வைத்தான். கதவைத் திறந்து இறங்கினான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஷைலாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கையை மட்டும் நீட்டினான்.

அவள் நைட்டிப் பாக்கெட்டில் கைவிட்டு டோக்கனை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அது சூடாக இருந்தது.

கிறிஸ்டோ அதை ஆணியில் மாட்டினான். மணி பத்தரைகூட ஆகவில்லை.

கேட்டைத் தாண்டப்போனவனைக் கூப்பிட்டான். "ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சுங்க. வாங்க, பாருங்க."

ஹெரால்டின் பானெட்டுக்கு இரண்டு பக்கமும் கொக்கி உண்டு. கிறிஸ்டோ ஒரு பக்கத்துக் கொக்கியை விடுவித்து நிமிர்ந்தபோது, மறுபக்கத்துக் கொக்கியை ஷைலா விடுவித்துவிட்டு நின்றாள்.