மூன்றாவது பாட்டு

"கன்ட்ரி பாட்டுன்னா எந்த நாட்டுப் பாட்டுங்க?" என்று கேட்டாள் மேகலா. கல்யாணமாகி, செழியனின் அமெரிக்க வீட்டுக்கு அவள் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "நாடெல்லாம் இல்ல. இங்க உள்ள நாட்டுப்புறத்துப் பாட்டு" என்று சிரித்தான். டிவியில் ஓடிய பழைய கச்சேரிப் பதிவில் மூன்றாவது பாட்டு வந்ததும் ரிமோட்டைப் பறித்து அடுத்த பாட்டுக்கு ஓட்டிவிட்டான். "இது அறுவை, விடு."

அவன் குளிக்கப் போனதும் அவள் அதே பாட்டைத் திரும்பப் போட்டாள். கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. அங்கே செழியன் உட்கார்ந்திருந்தான். மடியில் குட்டித் தொப்பி போட்ட ஒரு பெண் குழந்தை. சத்தத்தில் அது மிரண்டுவிடாதபடி, அதன் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்தியிருந்தான்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மேகலா திரும்பவில்லை. ஈரமான இரண்டு உள்ளங்கைகள் பின்னாலிருந்து வந்து, அவள் காதுகளை மெல்லப் பொத்தின.