டாக்டர் வரும் காட்சி

ஜன்னலுக்கு வெளியே வானம் ரத்தச் சிவப்பாகக் கிடந்தது. கடல் செத்துவிட்டது, நட்சத்திரங்கள் உதிர்ந்துவிட்டன, வேதாகமத்தில் சொன்ன கடைசி நாள் வந்தே விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, உலகத்தின் கடைசிக் குழந்தையைச் சுமந்துகொண்டு படுத்திருந்தாள்.

“கட்” என்று கத்தினார் டைரக்டர். விளக்கை அணைத்தார்கள், வானம் வெறும் துணியாகிப் போனது.

காட்சியைக் கெடுத்தவர் டாக்டர் வேஷம் போட்ட நடிகர். குழந்தையின் இதயம் நின்றுவிட்டது என்பதைப் பஸ் நேரம் அறிவிக்கிற மாதிரி சொன்னால் யாருக்குத்தான் அழுகை வரும்? காலையிலிருந்து இதே கூத்து. டைரக்டர் அவரைத் திட்டித் தீர்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கட்டிலில் இருந்தவள் டைரக்டரின் மனைவி. வயிறு நிஜ வயிறுதான். பஞ்சு வைத்துக் கட்டினால் கேமரா காட்டிக்கொடுத்துவிடும் என்று, அவள் உண்டான பிறகே படத்தை ஆரம்பித்த புண்ணியவான் அவர்.

அவளுக்கு மனசு நடிப்பில் இல்லை. நேற்றிலிருந்து குழந்தை அசையவே இல்லை. வரும் வழியில் புதிதாக ஓர் இடத்தில் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். பெரிய டாக்டர் பார்த்துவிட்டுப் போன் செய்வார் என்று அங்கே சொன்னார்கள். போன் கணவரின் கையில் இருந்தது.

“போன் வந்துச்சாங்க?”

“வந்தா சொல்ல மாட்டேனா? முதல்ல சீனை முடி.”

வாசல் பக்கம் போனவர், வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் அம்மாளோடு திரும்பினார். முகத்தில் மேக்கப் இல்லை. கேமராவைப் பார்த்ததும் அந்த அம்மாள் தயங்கி, இத்தனை பேர் முன்னாலயா என்று முணுமுணுத்தார். முதல் படம் போலிருக்கு, பாவம் என்று லைட்காரர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

டைரக்டர் அவரிடம் ஏதோ கெஞ்சி, கையெடுத்துக் கும்பிட்டு, கட்டிலருகே உட்கார வைத்தார். வானம் மறுபடி சிவந்தது. கேமராக்காரருக்கு ஒரு சைகை மட்டும் போனது.

அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மனசைத் தேத்திக்கோம்மா. குழந்தைக்குத் துடிப்பு இல்ல. நீ எந்தத் தப்பும் பண்ணலம்மா.”

கடைசி வரி அவளுக்குக் கொடுத்த வசனத் தாளில் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. அவள் அலறிய அலறலில், சிரித்த லைட்காரர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“கட்” என்றதும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்த அம்மாள் மட்டும் ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்தபடி, பிடித்த கையை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இவ்வளவு நல்லா நடிக்கிறவங்களை இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க என்று கணவரைக் கேட்டாள். பிறகு கையை நீட்டினாள்.

“இப்பவாவது அந்தப் போனைக் குடுங்க. ஸ்கேன் என்னாச்சுன்னு நானே கேட்டுக்கறேன்.”

டைரக்டர் இப்போது எடுத்த காட்சியைத் திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவில்லை.

“போன் எதுக்கு? டாக்டரம்மாதான் நேர்லயே வந்து சொல்லிட்டாங்களே.”