பாயாத புலி

“உங்க புலி ஷேர் ஆட்டோ மாதிரி இருக்கு சார். ரோட்டோரமா ஆள் நின்னாப் போதும், எங்கிருந்தோ ஓடி வந்து முன்னாடி நிக்குது.”

வெண்ணிலா சொன்னதும் ஹேமநாத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். கேளம்பாக்கத்தில் ஒரு மாடியில் இயங்கிவந்த அந்தச் சின்ன வீடியோ கேம் கம்பெனிக்கு அவன்தான் பொறுப்பு. பெங்களூர்க்காரர்கள் ஒரு மாயாஜால விளையாட்டு தயாரிக்கிறார்கள். வாள் ஏந்திய வீரன் காடு, மலையெல்லாம் இஷ்டம்போலச் சுற்றலாம். அந்தக் காட்டுக்கு மிருகங்கள் செய்து தருவது இவர்கள் வேலை. யானையும் கரடியும் தேறிவிட்டன. புலி மட்டும் பாக்கி. திங்கட்கிழமை அது தேறாவிட்டால் மொத்த வேலையும் கைவிட்டுப் போய்விடும்.

“ஓடி வரட்டுமே! விளையாடறவனுக்கு அதானே த்ரில்?”

“என்ன சார் த்ரில்? உறுமுது, பாயுது, வெட்டு வாங்கிச் சாகுது. ரெண்டு நிமிஷத்துல அதே புதர்ல இன்னொண்ணு முளைக்குது. புலிக்கு உயிர் மேல ஆசை இருக்காதா? கையில கத்தியோட ஒருத்தன் வந்தா, அது ஏன் எதிர்ல போய் நிக்கணும்?”

“அவங்களுக்குப் பாயற புலிதாம்மா வேணும்.”

“நிஜப் புலி மாதிரி வேணும்னுதானே சார் கேட்டாங்க?”

சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் இந்தப் புரோகிராமர் பெண், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டலூர் ஜூவுக்குப் போய்ப் புலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஹேமநாத்துக்குத் தெரியும். பிடித்தால் விடமாட்டாள் என்பதும் தெரியும்.

“நான் புலியை மாத்தி எழுதறேன் சார். திங்கட்கிழமை பெங்களூர்லேர்ந்து டெனிஸ் சார் வந்து விளையாடிப் பார்க்கட்டும். பிடிக்கலைன்னா, தப்பு என்னோடதுன்னு நானே அவர்கிட்ட சொல்லிடறேன். வேலையையும் விட்டுடறேன்” என்றாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

“அதுக்கு முன்னாடி எனக்காவது காட்டுவீங்களா?”

“முடிஞ்சா காட்டறேன் சார்.”

முடியவில்லை. திங்கட்கிழமை காலை டெனிஸ் படியேறி வரும்போதும் அவள் கீபோர்டைத் தட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

பெங்களூர்க் கம்பெனியின் பிரதிநிதி டெனிஸ். அதிகம் பேசாதவர். வந்த சூட்டோடு மானிட்டர் முன் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். வீரன் நடக்கத் தொடங்கினான்; அவன் கண்ணுக்கு முன்னால் இருப்பது மட்டுமே திரையில் தெரிந்தது.

ஓடை வந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான்கள் தலை தூக்கின. மறுநொடி சிதறி ஓடின.

“மான் பிரமாதம். நம்மளைப் பார்த்தாலே மிரளுது” என்றார் டெனிஸ்.

ஹேமநாத்துக்குப் பாதி உயிர் வந்தது.

வீரன் மரங்களுக்கிடையே போனான். குரங்குகள் கத்திக்கொண்டே உச்சிக்குத் தாவின. கொக்குகள் கூட்டமாக எழும்பின. ஒரு நரி புதருக்குள் ஓடி ஒளிந்தது. ஓடைக்கரை மணலோடு வீரன் நடந்தான், நடந்தான், நடந்துகொண்டே இருந்தான். புலி வரவில்லை.

“எவ்ளோ நேரமா நடக்கறது? புலி எங்க ஹேமநாத்?”

ஹேமநாத் வெண்ணிலாவைப் பார்த்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றிருந்தாள்.

“ஏதோ கோளாறு சார்... புலி லோட் ஆகலைன்னு நினைக்கிறேன்” என்று இழுத்தான்.

டெனிஸ் வீரனை நிறுத்திவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்தார். “சாரி. இன்னைக்காவது ரெடியா இருக்கும்னு நம்பி வந்தேன். காலிக் காட்டை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?”

ஹேமநாத் வெண்ணிலாவை முறைத்தான். எல்லாம் போச்சு. இந்தப் பெண்ணை நம்பினேனே!

“கோளாறு எதுவும் இல்ல சார்” என்றாள் வெண்ணிலா. “நீங்க முதல் அடி எடுத்து வெச்சதுலேர்ந்தே புலி இருக்கு.”

“எங்க இருக்கு? நான் பார்க்கவே இல்லையே!”

“வீரனைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க.”

டெனிஸ் அலுப்போடு மவுஸைத் திருப்பினார். அடுத்த நொடி அவர் அலறி எழுந்த வேகத்தில் நாற்காலி தடாலென்று பின்னால் சாய்ந்தது.

நடந்து வந்த ஈர மணல் நெடுக வீரனின் காலடிகள் இருந்தன. ஒவ்வொரு காலடியின் மேலும் ஒரு புலியின் பாதம் பதிந்திருந்தது. கடைசிக் காலடியில், கைக்கெட்டும் தூரத்தில், தரையோடு தரையாகப் பதுங்கியபடி, சத்தமே இல்லாமல் அது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.