கலவாய்த் தொட்டி

ராயபுரம் மீன் காட்சிசாலையில் எண்ணெய் இஞ்சினை ஓட்டி, மீன்களுக்குக் காற்றும் கடல்நீரும் அனுப்புவது மஜீதின் வேலை. தொட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் ஆளை யாரும் பார்ப்பதில்லை.

தினமும் மதியம் ஒரு அம்மாள் கலவாய் மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

அன்று காலை கலவாய் செத்துப்போனது. மஜீதுக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அந்த அம்மாளும் தூக்குவாளியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மஜீது முன்பக்கம் வந்தான்.

“கலவாய் பூட்ச்சிம்மா. மனசுல வச்சிக்காத.”

“மீனை யாருய்யா பாத்தா? தொட்டிக்குப் பின்னால ஒருத்தர் தனியா உக்காந்து சாப்பிடுவாரே. தண்ணிக்குள்ள முகம் தெரியாது. ஆனா அவரு இல்லாம எனக்குச் சோறு இறங்காது.”

“இரும்மா, வந்துருவாரு.”

மஜீது பின்னால் போய்த் தன் சோற்றைத் திறந்தான்.