தெருக்கோடி பேக்கரி

"எழுந்திருங்க! சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது, நீங்க பெஞ்சுல உக்காந்துட்டு!"

மனைவி போட்ட சத்தத்தில் பூங்காவே திரும்பிப் பார்த்தது. தையல்காரர் முனகிக்கொண்டே எழுந்தார். அவள் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்ததுதான் தாமதம், மனிதர் நைசாக நழுவித் தெருக்கோடி பேக்கரியைப் பார்த்து நடையைக் கட்டினார்.

"ஐயையோ, கேக் திங்கப் போறாரே!"

தெரு முழுக்க விரட்டிப்போய், மூச்சிரைக்க அவர் சட்டையைப் பிடித்தாள்.

அடுத்த வாரம் டாக்டரிடம் பொரிந்து தள்ளினாள். "இந்த மனுஷனைக் கட்டி மேய்க்க முடியலை டாக்டர். ரத்தம் எடுக்கக்கூட இவர் பயம் தெளிய நான்தான் முதல்ல கையை நீட்ட வேண்டியிருக்கு. நறுக்குன்னு நாலு வார்த்தை கேளுங்க!"

அவரை உள்ளே விட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

கதவு சாத்தியதும் டாக்டர் சிரித்தார். "உங்க வீட்டம்மாவுக்குச் சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. 'வீட்டு வேலையே போதும், எனக்கெதுக்கு நடை'ன்னு என்கிட்டயே சண்டை போட்டவங்க. எப்படிய்யா நடக்க வெச்சீங்க?"

"எனக்குத்தான் சர்க்கரை வரப்போகுதுன்னு ஒரு பொய் சொன்னேன் டாக்டர். தனக்குன்னா ஓரடி எடுத்து வைக்க மாட்டா. நான் பேக்கரிப் பக்கம் திரும்பினா போதும், ஓடியே வருவா."

வெளியே வந்ததும் தையல்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"என்னவாம்?"

"இன்னும் வேகமா நடக்கணுமாம்."

"நடக்க வெக்கிறேனா இல்லையான்னு பாருங்க!" என்று அவள் செருப்பு வாரை இறுக்கினாள்.